வட்டக் கையெழுத்து

"உங்கள யாருக்கா மொதலாளிக்கு எழுதச் சொன்னது? வேலை செய்யறவங்களுக்குத்தான எழுதச் சொன்னோம்?"

இதே வார்த்தைதான். ஒரு எழுத்துக்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மூன்று தடவை கேட்டாள், மேல் போர்ஷனில் இருந்தவள். இப்போது நீங்கள் நிற்கிறீர்களே, அதே இடத்தில் நின்று, அதே படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. மூன்றாவது தடவை கேட்டபோது அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. கடையில் வாங்கிய சாமான் எடை குறைந்தால் கேட்போமே, அப்படிக் கேட்டாள். நான் சொன்னேன், "அஞ்சலாட்சி, குரலை இறக்கிப் பேசு. தெருவே பார்க்குது." அதற்கு அவள், "பாக்கட்டும்க்கா. தெருவுல பாதிப் பேருக்கு நாளையிலேர்ந்து வேலை இல்ல, வேற என்ன வேலை, பாக்கட்டும்" என்கிறாள்.

செருப்பை அங்கேயே விடுங்கள். அங்கே இல்லை, அந்தப் பக்கம். ஆமாம், மேல் போர்ஷன்தான் காலி. ஒரு ஹால், ஒரு ரூம், சமையல்கட்டு. புரோக்கர் சொல்லியிருப்பான். நான்கு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. சுங்குவார்சத்திரத்தில் மாட்டுக்கொட்டகையைக் கூட வாடகைக்கு எடுக்க ஆள் நிற்கிறது, இது மட்டும் ஏன் காலி என்று கேட்க மாட்டீர்களா? வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். அப்புறம் தெருமுனையில் இன்னொரு தடவை கேட்கிறார்கள், அதற்கப்புறம் வருவதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். உட்காருங்கள். கழுத்தில் நீல நாடா தொங்குகிறதே, பார்த்ததுமே தெரிந்துகொண்டேன், நீங்களும் அமெரிக்காக் கம்பெனிதான். எந்த லைன்? சரி, சொல்ல வேண்டாம். இஷ்டம்.

என் பேர் வத்சலா. வீட்டுக்காரர் மின்வாரியத்தில். நாளைக்கு மூன்று வாக்கியம் பேசுவார், அதில் ஒன்று "சாதம் போடு". மகள் புனேயில். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிஷம் போன் பண்ணுவாள், அதிலும் பாதி நேரம் குழந்தையைத் திட்டிக்கொண்டிருப்பாள். நான் குறை சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னேன்.

நான் கான்வென்டில் படித்தவள். பன்னிரண்டு வருஷம், ஒரே பள்ளிக்கூடம். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை. இந்த ஊரில் இங்கிலீஷில் நான்கு வரி பிழையில்லாமல் எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. அந்தக் கடிதத்திலும் பிழை கிடையாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். நகல் வைத்திருக்கிறேன்.

அஞ்சலாட்சி செஞ்சிப் பக்கம். இரண்டரை வருஷம் மேலே இருந்தாள். கூட பூங்காவனம் என்று இன்னொரு பெண். இரண்டு பேருக்கும் ஒரே வேலை. கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் இருக்கிறதே, அதற்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றுகிற லைன். அஞ்சலாட்சிக்கு முப்பது வயசு இருக்கும். புருஷன் இருக்கிறானா இல்லையா என்று நான் கேட்டதில்லை. கேட்டேன், அவள் சொல்லவில்லை. நான்கு வருஷமாக அவளை 'ட்ரெய்னி' என்றே வைத்திருந்தார்கள். அவள் பயிற்சி கொடுத்த பிள்ளைகளும் ட்ரெய்னிதான், அவளும் ட்ரெய்னிதான்.

மோட்டார் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் குடிவந்தால் தெரிந்திருக்க வேண்டும். ஸ்விட்ச் என் சமையல்கட்டில். டேங்க் மாடியில். நிறைந்துவிட்டதா என்று கீழே இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? அதனால் அஞ்சலாட்சி கரண்டியால் குழாயை இரண்டு தட்டு தட்டுவாள். டொங், டொங். நான் கீழே இருந்து பதிலுக்கு ஒரு தட்டு தட்டிவிட்டு மோட்டாரை நிறுத்துவேன். இது நாங்கள் பேசி வைத்தது இல்லை, தானாக வந்தது. அப்புறம் அப்புறம் மோட்டார் போடாத நேரத்திலும் தட்டுவாள். அப்படித் தட்டினால் காபிக்கு வருகிறாள் என்று அர்த்தம். ஒருத்தி தட்டுகிறாளே என்று பாலை அடுப்பில் வைப்பேன். அவ்வளவுதான். பெரிய சிநேகம் என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

போன ஆடியில் கம்பெனிக்கு நூறு வருஷம் முடிந்தது என்று எல்லாருக்கும் ஒரு டப்பா ஸ்வீட்டும் ஒரு புத்தகமும் கொடுத்தார்கள். உங்களுக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள், நீங்கள் புதுசு. வழவழவென்று, தூக்க முடியாத கனம். முழுக்க இங்கிலீஷ். பாதிப் பேர் காஸ் அடுப்பு ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள். அஞ்சலாட்சி அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுல என்னதாங்க்கா எழுதிகிறான்? படிச்சிதான் சொல்லுங்களேன்" என்றாள்.

முதல் நாள் அவர்கள் இரண்டு பேர். மறுநாள் ஐந்து பேர். ஆடி முடிவதற்குள் பதினைந்து, பதினாறு. முதல் ஷிப்ட் பஸ் மூன்றே முக்காலுக்கு முனையில் இறக்கிவிடும், நேரே இங்கே வந்துவிடுவார்கள். இந்த ஹால் கொள்ளாது. யாராவது வேர்க்கடலை கொண்டுவருவார்கள். நான் முதலில் ஒரு பாராவை இங்கிலீஷில் படிப்பேன், உச்சரிப்பு காதில் விழட்டும் என்று. அப்புறம் தமிழில் சொல்லுவேன். கூடவே, "நிமிர்ந்து உட்காரு, வாயில் கடலையோடு சிரிக்காதே" என்றெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் கேட்டுக்கொண்டார்கள். என் மகள்கூடக் கேட்டதில்லை.

கதை நன்றாகத்தான் இருந்தது. அமெரிக்காவில், ஒஹையோவில் ஒரு ஆள் குதிரை லாயத்தில் உட்கார்ந்து வண்டிக் கதவுக்குக் கீல் அடித்துக்கொண்டிருந்தான். கார் வந்தது. காருக்குக் கீல் அடித்தான், அப்புறம் மோட்டாரும் செய்தான். பத்து வருஷத்தில் நாலு புகைபோக்கி, சொந்த ரயில் தண்டவாளம், பன்னிரண்டாயிரம் பேர். அவன் படத்தைப் பார்த்துப் பூங்காவனம், "இன்னா மீசைடா யப்பா, எங்க ஊரு மணியக்காரரு மீச மாதிரி, சிலேட்டுல சாக்பீஸ் தேச்சாப்ல" என்றாள். ஒரே சிரிப்பு.

அறுபத்தோராம் பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

அதில் ஒரு பழைய படம். காயில் சுற்றும் கூடம். வரிசை வரிசையாகப் பெண்கள், ஏப்ரன் கட்டிக்கொண்டு. ஒவ்வொரு வரிசைக்கும் ஆணியில் ஒரு பித்தளை வில்லை மாட்டியிருக்கிறது. கழிப்பறைக்குப் போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போகணும். அது திரும்பி வந்து ஆணியில் ஏறின பிறகுதான் அடுத்தவள் போகலாம். அந்தக் காலத்து வேடிக்கை மாதிரிதான் எழுதியிருந்தான். நானும் அப்படித்தான் படித்தேன்.

"இன்னொரு தடவ படிங்கக்கா" என்றாள் அஞ்சலாட்சி.

படித்தேன். ஒருத்தியும் கடலையைத் தொடவில்லை.

"தொண்ணூறு வருசத்துக்கு முன்னாடி அங்க பித்தள. இங்க மஞ்சக் கலர் பிளாஸ்டிக்கு."

உங்கள் லைனிலும் அந்த மஞ்சள் அட்டை இருக்கிறதா? பதினெட்டுப் பேருக்கு ஒன்றா? இருக்கும். எங்கள் கான்வென்டிலும் இருந்தது, மரக்கட்டையில், மேலே சிலுவை போட்டு. நாங்களும் காத்திருந்து போனவர்கள்தான். யாரும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நான்காம் வகுப்பில் ஒரே ஒரு தடவை நான்... அது கிடக்கட்டும். ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா?

அதற்கடுத்த பக்கங்களைத்தான் நான் படித்திருக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அவருடைய மூன்று வாக்கியத்தில் ஒன்றை அதற்குச் செலவழித்தார். என்ன எழுதியிருந்தது? பனி கொட்டுகிற மாதத்தில் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு, வெளியே போகாமல், மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். முப்பத்தொன்பது நாள். வீட்டிலிருந்தவர்கள் கூடையில் ரொட்டி வைத்துக் கொடுக்க, உள்ளேயிருந்து கயிறு விட்டு ஜன்னல் வழியாக இழுத்துக்கொண்டார்கள். கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. சங்கத்தை ஒத்துக்கொண்டது. இதையெல்லாம் கம்பெனியே அச்சடித்துக் கொடுத்திருக்கிறது, பெருமையாக. அன்றைக்கு நாங்கள் காது கொடுத்துக் கேட்கக் கற்றுக்கொண்டோம் என்று போட்டிருந்தான். அந்தச் சங்கத்துக்கு இன்றைக்கும் அங்கே ஆபீஸ் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லி விலாசமும் கொடுத்திருந்தான்.

அவர்கள் கொடுத்த மனுவின் படமும் இருந்தது. பேர்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதாமல் வட்டமாக எழுதியிருந்தார்கள், சூரியனுக்குக் கதிர் போட்ட மாதிரி. ஏன் அப்படி என்று பூங்காவனம் கேட்டாள். நான்தான் படித்துச் சொன்னேன். வட்டத்தில் எழுதினால் யார் முதலில் கையெழுத்துப் போட்டது என்று கண்டுபிடிக்க முடியாது, தலைவி யார் என்று ஒருத்தியைப் பிடித்து வெளியே தள்ள முடியாது. நானேதான் சொன்னேன். இதே வாயால்.

அஞ்சலாட்சி அந்தப் படத்தின்மேல் விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்புறம், "அதே கம்பெனி. அதே மோட்டாரு. அங்க சங்கம் இருக்குது. இங்க கேட்டா மட்டும், 'அமெரிக்காவுல ஒத்துக்க மாட்டாங்க'ன்றான் மேனேஜரு. இன்னா தைரியம் பாருக்கா!" என்றாள்.

புரட்டாசியில் சாமி கும்பிட்ட சனிக்கிழமை அது. ஒரு சார்ட் பேப்பரைக் கொண்டுவந்து இந்தத் தரையில் விரித்தார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டார்கள். நாற்பத்து மூன்று பேர் சுற்றிச் சுற்றி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தி தமிழில், ஒருத்தி இங்கிலீஷில், ஒருத்தி தலைகீழாக. கையெழுத்துகளுக்கு நடுவில் ஒரு இடம் பாக்கி இருந்தது. "இது உங்களுக்குக்கா" என்றாள் அஞ்சலாட்சி. நான் என்ன காயிலா சுற்றுகிறேன்? "நான் எதுக்குடி? கடிதம் எழுதிக்கொடுக்கிறேன், அது போதாதா?" என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. இடம் அப்படியே இருந்தது.

அந்த அமெரிக்காச் சங்கத்துக்குப் போனில், மெயிலில் அனுப்பப் பயந்தார்கள். போனை வாங்கிப் பார்க்கிறார்களாமே? அதனால் தபால்தான். என்ன எழுதணும் என்று பூங்காவனம் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். "அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, நாங்களும் உங்க கம்பெனிதான். நாங்க சங்கம் வைக்கப் போறோம். எங்க பேரு வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். நீங்க எங்களுக்காகப் பேசணும்." இவ்வளவுதான். இதற்கு ஒரு கடிதமா? முன்பின் தெரியாத ஃபேக்டரி ஆட்களுக்கு அண்ணன் என்றும் அக்கா என்றும் எழுதினால் என்ன நினைப்பார்கள்?

கேளுங்கள். எங்கள் கான்வென்டில் ஹெட்மிஸ்ட்ரஸ் மதர் கன்சோலாட்டா. அவர் சொல்லுவார், குறை இருந்தால் பக்கத்து செக்‌ஷன் பெண்ணிடம் போய்க் குசுகுசுக்காதே, நேரே என் ரூமுக்கு வா. கதவைத் தட்டு, பேர், வகுப்பு, ரோல் நம்பர் சொல்லு, பணிவாகக் கேளு. பன்னிரண்டு வருஷம் இதைக் கேட்டு வளர்ந்தவள் நான். வேலைக்காரர்கள் வேலைக்காரர்களுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? இருப்பதில் பெரிய ஆளுக்கு எழுதினால் ஒரே நாளில் காரியம் முடியும். அதனால் விலாசத்தை மாற்றினேன். சேர்மனுக்கே எழுதினேன். புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே அவர் படம் இருக்கிறது, நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், வெள்ளை முடி.

அந்த வட்டத்தை அவருக்கு அனுப்ப முடியுமா? குழந்தைகள் கிறுக்கின மாதிரி. உட்கார்ந்து நீட்டாகப் பிரதி எடுத்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஏ, பி, சி வரிசையில், பேருக்கு நேரே கம்பெனி கொடுத்த டோக்கன் நம்பர். டோக்கன் நம்பர் இல்லாவிட்டால் யார் மதிப்பார்கள்? ஒவ்வொருத்தியாகப் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கேட்டேன். அக்கா கேட்கிறாளே என்று சொன்னார்கள். எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

ஏ வரிசையில் அஞ்சலாட்சிதான் முதலில் வருவாள். அதற்கு நான் என்ன செய்ய? நானா பேர் வைத்தேன்? அவளுடைய அப்பா யசோதா என்று வைத்திருந்தால் கடைசியில் வந்திருப்பாள்.

அவர்களிடம் சொல்லவில்லை. பதில் வரட்டும், வந்ததும் சொன்னால் சந்தோஷப்படுவார்கள் என்று இருந்தேன்.

பதில் வந்ததே! கார்த்திகையில், நல்ல மழை நாளில். தடிமனான காகிதம், தலைப்பில் புடைத்த எழுத்து. நாற்பத்தெட்டு வயசுக்கு எனக்கென்று, என் பேர் போட்டு, இப்படி ஒரு கடிதம் வந்ததில்லை. கேசரி கிளறினேன். எல்லாரையும் கூப்பிட்டேன். ஹாலில் நின்றுகொண்டு படித்தேன். உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தோம், உங்கள் அக்கறையை மதிக்கிறோம், உரிய நடவடிக்கைக்காக இந்தியாவிலுள்ள எங்கள் நிர்வாகத்துக்கு அனுப்பி வைத்திருக்கிறோம். என்ன மரியாதையான பாஷை!

பூங்காவனம்தான் முதலில் கேட்டாள், "அக்கா, அந்த அண்ணன்மாரா இப்டி எழுதிகிறாங்க?"

"எந்த அண்ணன்மார்? சேர்மன்டி! சேர்மனே கையெழுத்துப் போட்டிருக்கார்."

அஞ்சலாட்சி கேசரித் தட்டைக் கையில் வைத்திருந்தாள். "எங்க வட்டம்?"

"வட்டம் என்னிடம் பத்திரமா இருக்கு. அழகா லிஸ்ட் போட்டு அனுப்பிட்டேன். டோக்கன் நம்பரோட."

ஒவ்வொருத்தியாகத் தட்டைக் கீழே வைத்தார்கள். சாப்பிட்டது பாதி, சாப்பிடாதது பாதி. அத்தனை முந்திரி போட்டிருந்தேன். செருப்புகளைத் தேடி மாட்டிக்கொண்டு, மழை விடக்கூடக் காத்திராமல் போனார்கள். அஞ்சலாட்சி மட்டும் படிக்கட்டில் ஏறப் போனவள் திரும்பி நின்றாள். அப்போதுதான் நான் முதலில் சொன்னேனே, அதைக் கேட்டாள்.

பேச்சுக்குத்தான் நாளைக்கு என்றாள். எட்டு நாள் ஆயிற்று. காலை ஷிப்டுக்குப் போனவர்கள் கேட்டில் அடையாள அட்டையை வைத்தால் சிவப்பு விளக்கு. அடுத்தவளுக்கும் சிவப்பு. நாற்பத்து மூன்று பேருக்கும். ட்ரெய்னிங் முடிந்தது என்றார்களாம். முதலில் கூப்பிட்டு உட்கார வைத்தது அஞ்சலாட்சியை. "நீதான தலைவி? லிஸ்ட்ல நீதான மொதல்ல இருக்க?" என்று கேட்டானாம் மேனேஜர். மற்றவர்களுக்காவது இரண்டு மாதம் கழித்து வேறு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. அவள் பேரை மட்டும் ஒரகடம் வரைக்கும் எல்லாக் கேட்டிலும் எழுதி வைத்துவிட்டார்களாம். இதெல்லாம் பூங்காவனம் கடைக்காரரிடம் சொல்லி, கடைக்காரர் என்னிடம் சொன்னது. என்னிடம் நேரே யார் பேசுகிறார்கள்? நான் போனால் மாவு மில்லில் பேச்சு நிற்கிறது. சேர்மனுக்கு மறுபடியும் மூன்று கடிதம் போட்டேன். முதலில் 'தயவுசெய்து', அப்புறம் 'மிகவும் தயவுசெய்து'. பதில் இல்லை.

கேட்டில் சிவப்பு விளக்கு எரிந்ததற்கு மறுநாள் காலை வழக்கம்போல மோட்டார் போட்டேன். குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே காதை மேலேயே வைத்திருந்தேன். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி. சன்ஷேடிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டுகிறது, துணியெல்லாம் நனைகிறது. எனக்குத் தெரியாதா என்ன டேங்க் நிறைந்துவிட்டது என்று? ஆனால் தட்டட்டும் என்று நின்றேன். வெளியே போய் நிமிர்ந்து பார்த்தேன். அஞ்சலாட்சி மாடியில்தான் இருந்தாள். டேங்குக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் கரண்டி இருந்தது. கடைசியில் வீட்டுக்காரர் வந்து மோட்டாரை நிறுத்தினார். ஒரு வாக்கியமும் சொல்லவில்லை.

மார்கழி பிறக்கும் முன் காலி பண்ணிவிட்டார்கள். கழுவித் துடைத்து, சுவரில் ஆணி அடித்த ஓட்டையைக்கூடப் பற்பசை வைத்து அடைத்து. இந்த மாதிரிக் குடித்தனக்காரர்கள் கிடைக்க மாட்டார்கள். சாவியை என் கையில் கொடுக்கவில்லை, கேட் கம்பியில் மாட்டிவிட்டுப் போனாள். நான் ஜன்னலில்தான் நின்றிருந்தேன்.

வட்டம் பீரோவில் இருக்கிறது. போன மாதம் துணி அடுக்கும்போது கையில் வந்தது. அந்தக் காலி இடத்தில் என் பேரை எழுதினேன். வேறொன்றுமில்லை, பேனா எழுதுகிறதா என்று பார்ப்பதற்கு.

சரி, என் கதை போதும், வீட்டைப் பாருங்கள். இந்தாருங்கள் சாவி. எனக்கு முட்டி வலி, நான் மேலே ஏறுவதில்லை. வலதுபக்க ஜன்னலை அழுத்தித் தள்ளினால்தான் திறக்கும். பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள், நோட்டில் எழுதிக்கொள்கிறேன், போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டியிருக்கிறது. டோக்கன் நம்பரும் சொன்னால் நல்லது. சரி, இறங்கி வந்து சொல்லுங்கள்.

தெரிகிறதா? நல்ல வெளிச்சம், இல்லையா? மோட்டார் போட்டிருக்கிறேன், தண்ணீர் எப்படி வருகிறதென்று நீங்களே பாருங்கள். உப்பு இருக்காது. வெள்ளைத் துணி துவைக்கலாம்.

அங்கே சமையல்கட்டு ஓரத்தில் குழாய் தெரிகிறதா? டேங்க் நிறைந்ததும் அதைத் தட்டுங்கள், எனக்குக் கேட்கும். கரண்டி இல்லாவிட்டால் அந்தச் சாவியாலேயே தட்டுங்கள்.

அம்மா?

கேட் சத்தம் மாதிரி இருந்தது. காற்றுக்கு அடித்துக்கொள்ளும், தாழ்ப்பாள் சரியில்லை, ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணணும்.

சன்ஷேடில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது பாருங்கள். தட்டுங்கள் அம்மா, நிறுத்திவிடுகிறேன். இரண்டு தட்டு வேண்டாம். ஒன்று போதும்.